விதி, சீட்டு, கண்: தானே வரையும் எந்திரம் பிறந்த கதை

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரை வரலாற்றுப் புத்தகங்கள் போர்க்களமாகத்தான் அறியும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் பெரும்பகைவரை இங்கே முறியடித்தான் என்கிறது காசக்குடிச் செப்பேடு. அந்தப் பகைவன் வாதாபியிலிருந்து வந்த இரண்டாம் புலிகேசி என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. பிறகு 1780 செப்டம்பர் 10 அன்று, திப்புவின் படை கர்னல் வில்லியம் பெய்லியின் கம்பெனிப் படையை இதே ஊரில் வளைத்து நொறுக்கியது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, பெய்லி கைதியானார்.

இந்த இரண்டு போர்களிலும் நின்றவர்களில் ஒருவன் ஓவியன். இன்னொருவர் எந்திரப் பொம்மை ஒன்றை வைத்திருந்தவர். தானாகவே ஓவியம் வரையும் எந்திரத்தின் கதையை இந்த மண்ணிலிருந்து தொடங்க அது ஒன்றே போதும்.

மகேந்திரவர்மனின் பட்டங்களில் ஒன்று சித்திரகாரப்புலி. மாமண்டூர்க் குடைவரையில் சிதைந்து கிடக்கும் அவன் காலத்துக் கல்வெட்டு, 'தட்சிணசித்திரம்' என்ற ஓவிய நூலொன்றைக் குறிப்பிடுகிறது. அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அப்படியொரு நூல் இருந்தது என்பதே பெரிய செய்தி. கை அறிந்ததை எழுத்தில் வைக்க முடியும், ஓவியத்துக்கு விதி உண்டு, அந்த விதியை ஒருவர் எழுத இன்னொருவர் படித்துச் செய்யலாம் என்று இந்தப் பகுதியில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ நினைத்திருக்கிறார்கள்.

திப்புவிடம் இருந்தது மரத்தால் செய்த புலி. கீழே கிடக்கும் வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் அது பாய்ந்திருக்கும். பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி ஊதும். சிப்பாயின் கை எழுந்து தாழும். அவன் ஓலமிடுவான், புலி உறுமும். புள்ளலூரில் பெய்லி வளைக்கப்பட்டபோது காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் உதவிக்கு வந்து சேராத தளபதி ஹெக்டர் மன்றோ. அவருடைய மகனை 1792இல் வங்காளத்துச் சாகர் தீவில் புலி அடித்துக் கொன்றது. பொம்மை அந்தச் சம்பவத்தின் நினைவாகச் செய்யப்பட்டது என்று சொல்வோரும் உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் லண்டனுக்குப் போன அந்தப் புலி, இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விதி ஒரு பக்கம், எந்திரம் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்க இன்னும் நெடுங்காலம் ஆனது.

செய்ததையே செய்யும் கை

திப்புவின் காலத்திலேயே ஐரோப்பாவில் படம் வரையும் பொம்மைகள் வந்துவிட்டன. சுவிட்சர்லாந்தின் கடிகாரக் கம்மியர் பியர் ஜாக்கே-ட்ரோவின் பட்டறையில் 1770களில் உருவான சிறுவன் பொம்மை, பென்சில் பிடித்து நான்கு படங்கள் வரையும். வரையும்போது இடையிடையே ஊதிப் பென்சில் தூளைக்கூடப் பறக்கவிடும். ஹென்றி மெயார்டே 1800ஐ ஒட்டிச் செய்த பொம்மை நான்கு படங்கள் வரைந்து மூன்று கவிதைகள் எழுதும். அதன் பாகங்கள் 1928இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தபோது, அதைச் செய்தவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பழுது பார்த்து முடுக்கியதும், கடைசிக் கவிதையின் ஓரத்தில் தன்னைச் செய்தவரின் பெயரைப் பொம்மையே பிரெஞ்சில் எழுதிக் காட்டியது.

வியப்புதான். ஆனால் அந்தப் பொம்மைகளை இயக்கியவை விளிம்பு வெட்டிய பித்தளைத் தகடுகள். தகட்டின் மேடுபள்ளம் கையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளும். படம் முழுக்கத் தகட்டில் முன்கூட்டியே இருக்கிறது. பொம்மை அதைத் தாளுக்கு இறக்குகிறது. நூறாவது முறை முடுக்கினாலும் அதே நான்கு படங்கள்தான். திப்புவின் புலி எத்தனை முறை உறுமினாலும் ஒரே உறுமல் என்பதைப் போல.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் ழான் டிங்குவெலி. 1959இல் பாரீஸில் அவர் காட்டிய 'மெட்டா-மாட்டிக்' எந்திரங்கள், ஆடி அசைந்து தாளில் கிறுக்கித் தள்ளின. ஒரு படம் இன்னொன்றைப் போல இருக்காது. பார்வையாளர்களே பேனாவைப் பொருத்தி, எந்திரத்தை ஓடவிட்டு, படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே புதுமை இருந்தது, விதி இல்லை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எந்த உறவும் கிடையாது. கலைஞன் உள்மனத்தின் வெடிப்பில் கைபோன போக்கில் வரைகிறான் என்ற அந்நாளைய நம்பிக்கைக்கு அது நல்ல கேலி. ஓவியம் வரையும் எந்திரம் என்று அதைச் சொல்ல டிங்குவெலியே விரும்பியிருப்பாரா என்பது சந்தேகம்.

ஆக, ஒரு பக்கம் முழுக்க விதி. மறுபக்கம் முழுக்கக் குலுக்கல். எந்திரம் பிறந்தது இரண்டுக்கும் நடுவில்.

ஓவியர் நிரல் எழுதிய கதை

ஹரால்ட் கோஹன் லண்டன்காரர், 1928இல் பிறந்தவர். ஸ்லேடு ஓவியப் பள்ளியில் படித்துப் பெயர் பெற்று, 1966இல் வெனிஸ் பியனாலேயில் பிரிட்டன் சார்பில் படங்களை வைத்த ஓவியர்களில் ஒருவர். நாற்பது வயதில், 1968இல், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கே ஜெஃப் ராஸ்கின் என்ற மாணவர் அவருக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார். இதே ராஸ்கின்தான் பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தில் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர்.

ஏன் ஒரு பெயர்பெற்ற ஓவியர் நிரலுக்குப் போக வேண்டும்? கோஹனை அரித்த கேள்வி ஒன்று இருந்தது. தாளில் இருக்கும் கீறல்கள் எப்போது வெறும் கீறல்களாக இல்லாமல் படமாகின்றன? அதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சால்ஃபன்ட் பள்ளத்தாக்கில் பழங்குடிகளின் பாறைச் செதுக்கல்களைப் பார்த்தார். அவற்றைச் செய்தவர்கள் யார், எதற்குச் செய்தார்கள், ஒவ்வொரு குறிக்கும் பொருள் என்ன என்று எதுவும் தெரியாத அவருக்கும் அவை படங்களாகவே தெரிந்தன. பொருளே தெரியாமல் ஒன்று படமாகத் தெரிய முடியுமென்றால், அதன் விதிகள் மிகச் சிலவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் எட்வர்ட் ஃபைகன்பாமின் அழைப்பில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போய், அந்த விதிகளை எழுத உட்கார்ந்தார். அங்கே உருப்பெற்ற நிரலுக்கு 'ஆரன்' என்று பெயர் வைத்தார். ஆரனுக்கு ஆரம்பத்தில் தெரிந்தவை கொஞ்சம்தான். மூடிய உருவம் வேறு, திறந்த கோடு வேறு. உருவத்துக்கு உள்ளே, வெளியே என்று இரண்டு இடங்கள் உண்டு. ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றை வைக்காதே. காலியிடம் எங்கே இருக்கிறது என்று நினைவில் வை.

கோடு போடும் முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இன்ன வளைவு என்று ஆரன் முன்கூட்டிக் கணக்குப் போட்டு இழுக்கவில்லை. போக வேண்டிய இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, சிறிது தூரம் போய், விலகியிருந்தால் திருப்பி, மறுபடி சிறிது தூரம் போனது. வரப்பில் சைக்கிள் ஓட்டுபவர் விழாமல் போவதற்காக நொடிக்கு நொடி ஹேண்டில்பாரை ஒடிப்பது போல. அதனால்தான் அந்தக் கோடுகளில் மனிதக் கையின் நெளிவு வந்தது. முன்னே எழுதி வைத்த வளைவில் அது வருவதில்லை.

1979இல் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில், ஆமை போன்ற சிறு சக்கர வண்டி ஒன்று தரையில் விரித்த பெரிய தாளில் ஊர்ந்து ஆரனின் படங்களை வரைந்தது. கூட்டம் கூடியது. ஆனால் கோஹனுக்கு எரிச்சல். மக்கள் படத்தைப் பார்க்காமல் ஆமையைப் பார்த்தார்கள். அவர் ஆமையைக் கைவிட்டு, மேசைமேல் பேனா நகர்த்தும் சாதாரணக் கருவிக்கு மாறினார்.

குடத்துக்குள் போட்ட கை

ஆரனின் ஒவ்வொரு படமும் வேறாக இருந்தது எப்படி? நிரல் பல இடங்களில் சீட்டுக் குலுக்கியது. எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, எத்தனை உருவம் வைப்பது என்பதையெல்லாம் குலுக்கல் முடிவு செய்தது. ஆனால் எந்தச் சீட்டுகள் குடத்துக்குள் போகலாம் என்பதை விதி முடிவு செய்தது.

இந்த ஏற்பாட்டைக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரருக்கு விளக்கவே வேண்டாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919லும் 921லும், இதைத்தான் சபைத் தேர்தலுக்கு எழுதி வைத்திருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரி. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவராக இருக்கக்கூடாது, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. இத்தனை வடிகட்டலுக்குப் பின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல். விதி மட்டும் இருந்தால் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். குலுக்கல் மட்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். இரண்டும் சேர்ந்தால்தான், யார் வந்தாலும் தகுதியுள்ளவராகவும் யாரென்று முன்கூட்டித் தெரியாதவராகவும் இருப்பார்.

ஜாக்கே-ட்ரோவின் பொம்மையில் குடம் இல்லை. டிங்குவெலியின் எந்திரத்தில் வடிகட்டல் இல்லை. ஆரனில் இரண்டும் இருந்தன. தானே வரையும் எந்திரம் பிறந்தது என்று நாள் குறிக்க வேண்டுமானால், நான் 1970களின் அந்த முதல் சில ஆண்டுகளைக் குறிப்பேன்.

தாம்பரத்தில் அதே ஆண்டுகளில்

அதே ஆண்டுகளில் அதே கேள்வியை வேறு கோணத்தில் கேட்டவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன். அன்று தாம்பரமும் புள்ளலூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்.

மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி வாக்கியங்களுக்கு எழுதிய மாற்று விதிகளை, வரிசையாக நிற்கும் எழுத்துகளிலிருந்து கட்டங்களாக நிற்கும் படங்களுக்கு விரிக்க முடியுமா என்று இவர்கள் பார்த்தார்கள். ஒரு வரியை முதலில் கிடைமட்ட விதிகளால் உருவாக்கு. பிறகு அந்த வரியின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் செங்குத்தாக ஒரு பத்தியை வளர். எல்லாப் பத்திகளும் ஒரே சமயத்தில் வளரட்டும். இந்த வகை இலக்கணம் கணினியியலில் சிரோமணி அணி இலக்கணம் என்றே இன்றும் அறியப்படுகிறது. சோதித்துப் பார்க்கப் படம் வேண்டுமே? அதற்கு அவர்கள் வெகுதூரம் போகவில்லை. வாசலுக்குப் போனார்கள். 1974இல் 'கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் அண்ட் இமேஜ் ப்ராசஸிங்' என்ற சர்வதேச ஆய்விதழில் அவர்கள் மூவரும் எழுதிய கட்டுரையின் பொருளே கோலமும் அதன் இலக்கணமும்தான்.

கோலம் ஏன் இவ்வளவு பொருத்தம்? வார இதழ்களின் மார்கழிக் கோலப் பக்கத்தைப் பாருங்கள். படத்தின் கீழே '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை' என்று ஒரு வரி இருக்கும். நடுவரிசையில் பதினைந்து வை. மேலும் கீழும் ஒவ்வொரு வரிசையிலும் இடைவெளியில் ஒன்று குறைத்து வை. எட்டு வந்ததும் நிறுத்து. இவ்வளவும் அந்த ஒரு வரியில் அடக்கம். படிப்பவருக்குத் தெரிந்த விதியைத் திரும்பச் சொல்லாமல், மாறும் எண்ணை மட்டும் தரும் இந்த முறையைத்தான் நிரலாளர்களும் வேறு பெயரில் கையாள்கிறார்கள். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்ற சொல்லை மாற்றினால் முழுத் தரையும் மாறிவிடும்.

இன்னொரு காரணம், கோலம் குடும்பமாக வாழ்கிறது. சிறிய வாசலுக்குச் சிறியது, தேரடிக்குப் பெரியது. உருவம் வேறு, விதி ஒன்று. அப்படி அளவு கூடிக்கொண்டே போகும் குடும்பத்தின் இலக்கணத்தை எழுதுவதுதான் சிரோமணி குழுவின் வேலை. உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் பாசியின் வளர்ச்சிக்கு எழுதிய விதியும் இதே இனம். 'அ' வரும் இடத்தில் 'அஆ' வை. 'ஆ' வரும் இடத்தில் 'அ' வை. அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று தானே நீளும். அந்த எழுத்துகளை 'முன்னே போ', 'இடப்பக்கம் திரும்பு' என்று ஆமை வண்டிக்கு இடும் கட்டளைகளாக வாசித்தால் படம் கிடைக்கும். 1980களில் பிரெமிஸ்லாவ் புருசின்கீவிச் அப்படித் திரையில் வரைந்து காட்டிய படங்களில், கண்ணனின் கால் சிலம்பு என்ற பெயரில் நம் கோலமும் ஒன்று. தாம்பரத்துக் கட்டுரைகளின் வழியே அது அங்கே போனது.

கிஃப்ட் சிரோமணியின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். புள்ளியியல்காரரான அவர், அதே கல்லூரியின் மைக்கேல் லாக்வுட்டோடு சேர்ந்து மாமல்லபுரச் சிற்பங்களின் உடைகளையும் நகைகளையும் ஆராய்ந்தவர். பல்லவர் கலை பற்றி எழுதியவர். சித்திரகாரப்புலியின் மரபையும் வாசல் கோலத்தையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் ஆராய்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் அவர் தேடியது, செய்த கை சொல்லாமல் விட்ட விதியைத்தான்.

கோஹனுக்கும் தாம்பரத்தாருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கோஹன் தன் சொந்தக் கையை விசாரித்தார். தாம்பரத்தார் ஊர்ப் பெண்களின் கையை விசாரித்தார்கள். ஆரனின் அறிவு ஓர் ஆளின் அறிவு. அவர் 2016இல் இறந்தபோது அதன் வளர்ச்சியும் நின்றது. கோலத்தின் அறிவு எந்த ஒருவருக்கும் சொந்தமில்லை. அதனால் அதை யாரிடம் கேட்டாலும் கொஞ்சம் கிடைக்கும், யாரிடம் கேட்டாலும் முழுதாகக் கிடைக்காது.

நிறம் வந்தது, கண் வரவில்லை

ஆரன் 1980களில் பாறை, செடி, மனிதர் என்று வளர்ந்தது. முன்னால் நிற்பதை முதலில் வரை, பின்னால் இருப்பது அதன் ஓரத்தைத் தொட்டதும் நின்றுவிடட்டும் என்ற சிறு விதி, தாளுக்கு ஆழத்தைக் கொடுத்தது. முழங்கை எவ்வளவு மடங்கும், உடல் சாய்ந்தால் எந்தக் கால் எடை தாங்கும் என்பனவெல்லாம் விதிகளாகச் சேர்ந்தன.

நிறம்தான் படாதபாடு படுத்தியது. நெடுங்காலம் ஆரன் கோடு போட, கோஹன் கையால் வண்ணம் பூசினார். நிறங்களுக்கிடையிலான உறவை எழுதுவதற்காக நிரலையே சி மொழியிலிருந்து லிஸ்ப் மொழிக்கு மாற்றினார். 1995இல் பாஸ்டன் கணினி அருங்காட்சியகத்தில், சாயங்களைத் தானே கலந்து தூரிகையால் பூசி, கிண்ணங்களைத் தானே கழுவும் எந்திரக் கையோடு ஆரன் வந்தது. மறுபடியும் அதே கதை: மக்கள் எந்திரத்தை ரசித்தார்கள். பிற்பாடு கோஹன் அதையும் விட்டுவிட்டுச் சாதாரண அச்சுப்பொறிக்குப் போனார்.

இவ்வளவு வந்தும் ஆரன் குருடு. தான் எங்கே என்ன வைத்தோம் என்பது அதன் நினைவில் இருந்தது. தாளில் உண்மையில் என்ன விழுந்தது என்று அது பார்க்கவில்லை. படம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கியவர் கோஹன். தன் கடைசி ஆண்டுகளில் அவரே ஆரனின் கோடுகளுக்கு, பெரிய தொடுதிரையில் விரலால், மறுபடி வண்ணம் பூசத் தொடங்கினார்.

பார்ப்பவர் இல்லாமல் ஓவியம் மாறாது. இதற்கும் புள்ளலூர்க் கதையிலேயே சாட்சி இருக்கிறது. 1780ஆம் ஆண்டுப் போரைத் திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாக எழுதச் சொன்னார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். அதன்மேல் ஒருமுறை சுண்ணாம்பு அடித்தார்கள். 1799க்குப் பின் அங்கே தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அதைச் சீர்செய்யச் சொன்னார். மறுபடி மங்கியதும் 1850களில் டல்ஹௌசி புதிதாகத் தீட்டச் சொன்னார். பெய்லி தோற்ற காட்சியைப் பெய்லியின் கம்பெனி ஆட்களே இரண்டு முறை காப்பாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சுவர்முன் நின்று, இது இப்படி இருக்கக்கூடாது என்று சொன்னதால்தான் அந்தச் சுவர் மாறியது.

எந்திரத்துக்கு அந்தக் கண்ணைக் கொடுக்கும் முயற்சிகள் பின்னால் வந்தன. கார்ல் சிம்ஸ் 1993இல் பாரீஸின் பாம்பிடூ மையத்தில் பதினாறு திரைகளை வளைவாக நிறுத்தினார். பிடித்த படத்தின்முன் பார்வையாளர் போய் நின்றால் அது பிழைக்கும், மற்றவை அழியும், பிழைத்தவற்றின் விதிகள் சிறிது மாறி அடுத்த தலைமுறைப் படங்கள் பிறக்கும். பரிணாமம் உண்மையாகவே நடந்தது, ஆனால் கண் மனிதருடையது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் டாய்சன் குழு, தொழிற்சாலை எந்திரக் கை ஒன்றை ஓவியராக்கியது. 'இ-டேவிட்' என்ற அது கொஞ்சம் தீட்டும், கேமராவால் தன் துணியைப் படமெடுக்கும், எங்கே குறை என்று கணக்கிட்டு மறுபடி தீட்டும். கண் இருக்கிறது, ஆனால் எதைப்போல வர வேண்டும் என்ற படத்தை வேறொருவர் கொடுக்க வேண்டும். போர்த்துகீசியக் கலைஞர் லியோனல் மோராவின் 'ராப்' எந்திரம் 2006இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகச் செய்யப்பட்டது. அது குலுக்கலில் தொடங்கி, தாளில் விழுந்த நிறத்தை வயிற்றடியில் உள்ள உணரியால் கண்டு, நிறம் இருக்கும் இடத்துக்கு எதிர்வினையாக மேலும் நிறம் சேர்க்கும். எறும்புகள் விட்டுப்போன தடத்தை எறும்புகளே பின்பற்றுவதிலிருந்து மோரா எடுத்த யோசனை இது. போதும் என்று தோன்றினால் ராப் தானே நிறுத்தி, மூலையில் கையெழுத்துப் போடும்.

இன்று கைபேசியில் ஒரு வாக்கியம் தட்டினால் படம் வந்து விழுகிறது. அந்த நிரல்களுக்கு யாரும் விதி எழுதவில்லை. கோடிக்கணக்கான படங்களிலிருந்து அவை விதியைத் தாமே உறிஞ்சிக்கொண்டன. என்ன உறிஞ்சின என்று எடுத்துக் காட்டச் சொன்னால் அவற்றால் முடியாது. கோஹனின் வழியிலும் சிரோமணிகளின் வழியிலும் கிடைத்த பெரிய லாபம் அதில் இல்லை: விதியை எழுதி முடித்ததும், வரைந்தவர்களைப் பற்றி நமக்கு ஏதோ ஒன்று தெரிந்தது.

ஒரு கோல எந்திரம்

விதி, சீட்டு, கண் மூன்றையும் நம் ஊர்ச் சரக்கிலேயே சேர்க்க முடியும். சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடுகள் வெட்டிக்கொண்டு போகும்படி சுற்றினால், எத்தனை தனித்தனிக் கோடுகள் வரும்? நீளம் அகலம் இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அவ்வளவு. 3க்கு 4 என்றால் ஒரே கோடு. 4க்கு 6 என்றால் இரண்டு. 4க்கு 4 என்றால் நான்கு. கை எடுக்காமல் ஒரே இழையில் முடிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் சதுரத்தில் திணறுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் வழி உண்டு. இரண்டு வேறு வேறு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில், வெட்டாமல் விலகித் திரும்பும்படி மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நான்கு கோடுகள் ஒன்றாக மூன்று இடங்களை மாற்றினால் போதும். எங்கே மாற்றுவது என்பதைச் சீட்டுக் குலுக்கட்டும். கோடுகளின் எண்ணிக்கை குறைந்ததா என்று எந்திரம் பார்க்கட்டும். குறைந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு, நாளை அதிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு நாள் கோலமும் நேற்றையதன் வாரிசாக இருக்கும்.

சிக்கல் அடுத்த படியில் வரும். நான்கு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தால், ஒரு மூலையில் செய்யும் மாற்றத்தை மற்ற மூன்றிலும் செய்தாக வேண்டும்; மாற்றங்கள் நான்கு நான்காகத்தான் வரும். ஒத்திசைவும் ஒற்றை இழையும் ஒன்றோடொன்று மோதும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது? இங்கேதான் ஓவியம் தொடங்குகிறது. கோலம் போடுகிறவர்கள் இந்தப் பேரத்தைத் தினமும் முடித்துவிட்டு எழுகிறார்கள்.

உடம்பைப் பொறுத்தவரை, கோஹனின் ஆமை இங்கே உதவாது. சிக்குக் கோலத்தின் கோடு தன்னையே வெட்டும். சக்கர வண்டி தான் போட்ட மாவின்மேல் தானே ஏறி அழிக்கும். தரைக்குமேல் நிற்கும் சட்டம், அதில் இரண்டு திசையில் நகரும் முனை, அதிலிருந்து மாவு விழும் குழாய் என்று அமைப்பதே சரி. காற்றில் ஈரம் கூடினால் அரிசி மாவு கட்டி தட்டிக் குழாயை அடைக்கும். கல்மாவு அவ்வளவு அடைக்காது, ஆனால் எறும்புக்கு உதவாது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாவின் ஓட்டத்தை வேகத்துக்கேற்ப நெருக்கித் தளர்த்தும் வித்தையை ஒரு சிறு வால்வுக்குச் சொல்லித் தர வேண்டும். அதற்கும் விதி எழுத வேண்டும்.

மோட்டாரும் சட்டமும் வால்வும் கடையில் கிடைக்கும். ஒரு பொறியியல் கல்லூரி மாணவரின் ப்ராஜெக்ட் செலவுக்குள் அடங்கும். கடையில் கிடைக்காதது விதி. வீட்டுக்கு வீடு கோல நோட்டுகள் உண்டு, ஆனால் அவற்றில் இருப்பவை முடிந்த கோலங்கள். ஏன் இந்த இடத்தில் வளைத்தீர்கள், இது சரியாக வரவில்லை என்று எப்போது தெரிந்தது, ஏன் அழித்துப் போட்டீர்கள் என்பது நோட்டில் இல்லை, அறுபது எழுபது வயதுப் பெண்களின் தலையில் இருக்கிறது. கோஹன் தனக்குத்தானே கேட்டு எழுதியது போல, சிரோமணிகள் வாசலில் போய்ப் பார்த்து எழுதியது போல, அவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்திரம் செய்யக் கிளம்பும் மாணவர் சாலிடரிங் இரும்பை எடுக்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை அது. ஒருவேளை எந்திரம் கடைசிவரை ஓடாமலே போனாலும், அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் மிச்சமிருக்கும். தட்சிணசித்திரத்துக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.